பின்னால் வந்த வீடு

என் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன். அயினி மரம். ஒரு பக்கம் சரிவாக, சக்கரத்தின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கிய முட்டுக்கட்டை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் இந்த ஏழாம் மாடிக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கடையில் அழகான ரப்பர் கட்டை கிடைக்குமே என்று யோசனை சொல்வார்கள். சொல்லட்டும். மத்தியானம் கடல் காற்று எழும்பும்போது கதவு போய் அந்தக் கட்டையில் மெல்ல முட்டி நிற்கும். அந்தச் சத்தத்தில் எனக்குச் சக்கரம் வைத்த ஒரு வீடு ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவளம் போகிற வழியில் ஒரு சின்ன சுற்றுலாக் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் விட்டுவிட்டுப் போன டிரெய்லர் ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டார். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கைகழுவத் தொட்டி, ஜன்னலுக்கு நீலப்பூப் போட்ட திரை. இழுப்பதற்கு இரண்டு வரிசை இருக்கை உள்ள நடுத்தரப் பிக்கப் ஒன்று. ஆபீசில் யாரும் டிரெய்லர் என்று சொல்லவில்லை, வீடு என்றே சொன்னோம். “வீட்டைக் கட்டியாச்சா?” என்றால் பிக்கப்பின் பின்னால் மாட்டியாயிற்றா என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த டெலிபோன் பெண், முதலாளி வாரத்துக்கு ஒரு வீடு கட்டுகிறார் என்று தன் ஊரில் போய்ச் சொல்லிவைத்தாளாம்.

அந்த வீட்டை இழுத்துப் போனவர் அண்ணாச்சி. தமிழர் என்பதால் ஆபீசே அப்படிக் கூப்பிட்டது. வயது என்னவோ நாற்பதுகூட ஆகவில்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கம். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே, அவர் இங்கே ஒரு லாட்ஜ் அறையில். யாராவது மலையாளி இளக்காரமாகப் பாண்டிக்காரன் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். நாங்களும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர்தான் என்று சரித்திரத்தை எடுத்துவிடுவார். நான் கரமனை அக்ரகாரத்துப் பெண். கல்யாணம் ஆகாத இருபத்தாறு வயதில் அந்த மனிதர் என்னை மாமி என்று கூப்பிட்டார். எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு மாதம் சண்டை போட்டேன். பிறகு அவர் கூப்பிடாத நாளில்தான் என்னவோ குறைகிற மாதிரி ஆயிற்று.

விருந்தினருடன் கூடப்போய்ச் சமையலும் பேச்சுத்துணையும் பார்ப்பது என் வேலை. வீட்டுக்குள் சாமான் ஏற்றுவதும் நான்தான். கதவு பின்பக்கம் இருந்தது. அதனால் குக்கர், தண்ணீர்க் கேன், அரிசி எல்லாவற்றையும் கதவோரத்திலேயே அடுக்கிவிடுவேன். எடுக்க வசதி, அவ்வளவுதான் என் கணக்கு. ஒருநாள் பைபாசில் ஒரு பஸ் எங்களை முந்திப் போனது. அந்தக் காற்று பட்டதும் பின்னால் வீடு வாலை ஆட்ட ஆரம்பித்தது. இடமும் வலமுமாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் பெரிதாக. பிக்கப்பின் பின்புறத்தையே தூக்கி எறிகிற மாதிரி இருந்தது. நான் பிரேக்கை மிதியுங்கள் என்று கத்தினேன். அவர் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். வேகம் தானாகக் குறையக் குறைய, வீடும் தானாக அடங்கியது.

பிறகு ஓரமாக நிறுத்தி, என் சாமான் அத்தனையையும் ரோட்டோரம் இறக்கவைத்தார். “பாரம் முன்னால இருக்கணும் மாமி. பின்னால இருந்தா நம்ம வீட்ட இழுக்கல்ல, வீடு நம்மள ஓட்டும், கேட்டியளா?” என்றார். போகிற வருகிறவர்களெல்லாம் குக்கரோடு நிற்கிற என்னை வேடிக்கை பார்த்தார்கள். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஆனால் அடுத்த பயணத்தில் கேன்கள் முன்னால் போயின.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. ஓடும்போது வீட்டுக்குள் ஒரு ஆளும் இருக்கக் கூடாது. கொக்கியை மாட்டியதும் இரண்டு சங்கிலியையும் அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போட வேண்டும், கொக்கி கழன்றாலும் அது தாங்கிக்கொள்ளும். மணிக்கு ஐம்பதைத் தாண்ட மாட்டார். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார், பாதி இறக்கத்தில் புத்தி வந்து பிரயோஜனமில்லை என்பார். நிறுத்தினால் எத்தனை அவசரமானாலும் வீட்டின் இரண்டு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை. அந்தக் கட்டைகள் அவரே செதுக்கியவை.

எனக்குப் பிடித்தது கண்ணாடி. வீடு பிக்கப்பைவிட அகலம் என்பதால் இருபுறமும் நீளக் கம்பி வைத்துப் பெரிய கண்ணாடி மாட்டியிருந்தார். இடப்பக்கக் கண்ணாடி என் பக்கம். விதுரை ரோட்டில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, அந்தக் கண்ணாடியில் வீடு வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் திரை லேசாக ஆடும். மரங்களின் நிழல் வெள்ளைச் சுவர்மேல் ஏறி இறங்கும். சாரல் அடித்தால் கண்ணாடி மங்கி, வீடு மட்டும் தரையில் படாமல் மிதந்து வருகிறதோ என்று தோன்றும். உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள், அடுப்பில் பால் வைத்திருக்கிறார்கள், அது நான்தான் என்றெல்லாம் அரைத்தூக்கத்தில் நினைத்திருக்கிறேன். சொந்த வீடு பற்றி எனக்கு வந்த முதல் ஆசை அந்தக் கண்ணாடியில் வந்ததுதான்.

இனி ஒரு சொல்லுக்கு வருகிறேன். அவரோடு போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள், வண்டியை ஓரங்கட்டி, “இடது பக்கம் வலிக்குது மாமி” என்றார். நான் பதறிப்போய்க் கைப்பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து நீட்டினேன். எங்கே வலிக்கறது, தோளா, முதுகா என்று கேட்டேன். அவர் என்னையும் குப்பியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார். வீட்டில் பாரம் இடப்பக்கம் கூடிவிட்டதாம், வண்டியை அந்தப் பக்கமாக இழுக்கிறதாம். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு என்று எனக்குத் தெரியாதா என்ன? பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள் நான். ஆனால் அவர் பேசியது தமிழ். தமிழில் ஒருவர் வலிக்குது என்றால் என் காது வேறு எதையும் எடுத்துக்கொள்ளாது. அவர் ஊர்த் தமிழில் கயிற்றையும் வலிப்பார்கள், வண்டியும் வலிக்கும்.

இந்தக் கதை மறுநாளே ஆபீஸ் பூராவும் பரவிவிட்டது. டயருக்குக் காற்று குறைந்தால் தைலம், பேட்டரி தீர்ந்தால் தைலம். முதலாளிகூட ஒருமுறை கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போயிற்று. இனி அந்தச் சொல்லில் ஏமாறுவதில்லை என்று தீர்மானித்தேன். அதன்பிறகு அவர் வலிக்குது என்று சொன்ன போதெல்லாம், ஒரு கேள்வி கேட்காமல் இறங்கிப் போய்ப் பாரத்தை மாற்றிவைத்தேன். அவரும் மெச்சிக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து, மழை ஓய்ந்த ஒரு காலை. கல்லாற்றங்கரையில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அறுபது தாண்டிய ஒரு வெளிநாட்டுத் தம்பதி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் ஏற்றிய பாரத்தை அவரே சுற்றிவந்து பார்த்து, “இன்னைக்கு நூத்துக்கு நூறு” என்று சொல்லியிருந்தார். நெடுமங்காட்டுக்கு முன்னால் ஓர் இறக்கம். அதன் தலைப்பில், வளைவிலேயே, பாதி வீடு ரோட்டில் நிற்க வண்டியை நிறுத்தினார். நெற்றியில் வேர்வை. மெதுவாகச் சொன்னார்.

“மாமி, இடது பக்கம் வலிக்குது.”

நான் என்ன செய்தேன்? இறங்கினேன். கதவைத் திறந்து, இரண்டு தண்ணீர்க் கேனையும் பாத்திரப் பெட்டியையும் மூச்சுவாங்க வலப்பக்கம் நகர்த்தினேன். நூற்றுக்கு நூறு என்று சொன்ன பாரம் எப்படி அதற்குள் இடப்பக்கம் கூடும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பூட்டிவிட்டு வந்து, இப்போ சரியா என்று கேட்டேன், கொஞ்சம் பெருமையோடுதான். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அந்த வளைவில் நிற்க முடியாது.

கியர் இடது கைப்பக்கம். அவர் வலது கையால் குறுக்கே எட்டி இரண்டாவது கியரைப் போட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. கண்ணாடியில் வீடு வழக்கம்போல் வந்தது, திரை ஆடியது, ஆனால் கூரை லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கீழே மரத்தடியில் சமமான இடம் வந்ததும் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, தானே இறங்கினார். ஒற்றைக் கையால் இரண்டு கட்டையையும் எடுத்துப் போய், இரண்டு சக்கரத்துக்கும் வைத்தார். காலால் ஒருமுறை தட்டியும் பார்த்தார். பிறகு சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

“இந்தத் தடவ அந்தத் தைலத்த எடுத்துட்டு வாங்க மாமி” என்றார்.

அப்போதுதான் எனக்குத் தமிழ் புரிந்தது.

அந்த வழியாக வந்த ஜீப்பில் ஏற்றி நெடுமங்காட்டுக்கும், அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் பேசவிட்டார்கள். அவர் மனைவி கஞ்சி வாங்கக் கீழே போன நேரத்தில் கட்டில் பக்கத்தில் நின்று அழுதேன். பத்து நிமிஷத்தைத் தின்றுவிட்டேன் என்றேன். நீங்கள் ஏன் திருத்தவில்லை என்று அவரிடமே கோபித்துக்கொண்டேன். நீங்கள் இறங்கிப்போன வேகத்தில் கூப்பிடக் குரல் வரவில்லை என்றார். அதற்கும் சிரித்தார்.

நான் விடவில்லை. சரியாக இருந்த பாரத்தை நான் கெடுத்துவிட்டேனே, இறக்கம் முழுக்க வீடு வலப்பக்கம் இழுத்திருக்குமே, ஒற்றைக் கையால் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நேராத்தான் வந்துது மாமி. ஒரு வலியும் இல்ல.”

அது பொய். கண்ணாடியில் நான் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார். மார்த்தாண்டத்துப் பக்கம் அவர்கள் வேதக்கோயில் என்று சொல்கிற சர்ச்சில் அடக்கத்துக்குப் போனேன். ஒரு மூலையில் நின்ற என்னை அவர் மனைவி தேடிவந்து கையைப் பிடித்தாள். நீங்கதானே தைல மாமி, ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களைச் சொல்லிச் சிரிப்பார் என்றாள். நடந்ததை அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டை யாரும் கட்டவில்லை. மரத்தடியிலிருந்து அதை எடுத்துவந்த அன்று, ஒரு கட்டையை நான் என் பையில் போட்டுக்கொண்டேன். இன்னொன்று எங்கே போயிற்றோ தெரியாது.

என்னோடு தங்கி, பக்கத்து ஐ.டி. பார்க்கில் வேலைக்குப் போகிறாள் என் அண்ணா பெண். அவளுக்குத் தமிழைவிட மலையாளம் சுலபமாக வரும். நேற்றுக் காற்று பலமாக இருந்தது. கதவோரத்திலிருந்து, “அத்தை, இது ரொம்ப வலிக்கறது” என்றாள். நான் சமையலறையிலிருந்து ஓடிப்போய், எங்கே, எந்தப் பக்கம், கையா நெஞ்சா என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் மிரண்டுபோய்க் கதவைக் காட்டினாள். காற்று கதவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

குனிந்து கட்டையை வைத்தேன். காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். கதவு நின்றது. ஒரு வலியும் இல்லை என்று அண்ணாச்சி சொன்னது எந்த வலியை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.