பன்றிக் கருமுட்டைக்கு வைத்த விருந்து

எங்கள் பக்கம் விருந்தாளி போதும் என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி ரசம் இறங்கிவிடும். கிணத்துக்கடவில் வளர்ந்த நான் அந்தப் பழக்கத்தை ஆய்வகத்துக்கும் கொண்டுபோனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வாரம் ஒருமுறை பன்றி அறுக்கும் இடத்துக்குப் போய், சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீர் பிளாஸ்கில் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பக்கத்து சீட்டுக்காரர் காபியா என்று கேட்டால் பொதுவாகத் தலையை ஆட்டி வைப்பேன். அவற்றிலிருந்து எடுக்கும் கருமுட்டைகள் இன்குபேட்டரில் இரண்டு நாளில் முதிர வேண்டும். ஆனால் உடம்புக்குள் இருப்பதைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்க வைப்பதுபோல் அது கருமுட்டையைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்க வளர்ப்பு நீரில் வைட்டமின் சி கலப்பதுதான் என் ஆராய்ச்சி.

இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவையும் இப்படியே ஆனால் இன்குபேட்டர் எருமை ஆராய்ச்சிக்காரர்களுக்கு, எனக்கு வேறு தலைப்பு என்று வழிகாட்டி மேடம் மெதுவாகச் சொல்லிவிட்டார். ஒன்றரை வருட உழைப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவோ உடுமலைச் சந்தை வரைக்கும் என்னை டாக்டராக்கி வைத்திருந்தார்.

மூன்றாவது தடவை, கருமுட்டைகள் கிடந்த முதல் தட்டில் வைட்டமின் சி மருந்தை ஒரு துளி விட்டேன். பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னொரு துளி விட்டேன். பக்கத்து மேசை ஈரோட்டு நண்பன் நிமிர்ந்தான்.

“ஏப்பா, ஒரு தடவைதானே ஊத்தோணும்?”

“பத்தாமப் போயிட்டா?”

“அதுக என்ன உங்கூட்டுக் கல்யாணத்துக்கா வந்திருக்குதுக?”

முந்தைய இரண்டு தடவையும் இதையேதான் செய்தேனா என்று கேட்டான். நான் அடுத்த தட்டை எடுத்து மூடியைத் துடைத்தேன், அவனுக்குப் புரிந்துவிட்டது. அளவு மீறினால் காக்கிற மருந்தே கெடுக்கும் என்று படித்தவன்தான் நானும். கைக்கு அது தெரியவில்லை. மிச்சத் தட்டுகளுக்கு அளந்து ஒரே ஒரு தடவை விட்டேன். இரண்டாவது துளிக்குக் கை நமநமத்தபோது நண்பன் மருந்துப் புட்டியைத் தன் மேசைக்கு எடுத்துப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். முதிர்ந்த கருமுட்டையின் ஓரத்தில் கடுகுபோல் ஒரு சின்ன உருண்டை தள்ளி நிற்கும். அளந்து விட்ட தட்டுகளில் பாதிக்கு மேல் கடுகு. முதல் தட்டில் எல்லாம் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன.

“இதுக்கு என்ன ஆச்சு?”

பொய் சொல்ல வரவில்லை. “விருந்து வெச்சுப்போட்டேனுங்க மேடம்.”

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எருமைக்காரர்களை வேறு இன்குபேட்டர் தேடிக்கொள்ளச் சொன்னார். அந்தக் கறுத்த தட்டையும் கொட்டவிடாமல் எண்ண வைத்தார். என் ஆய்வேட்டில் ‘மிகை அளவு’ என்ற தலைப்பில் அது ஒரு பக்கத்துக்கு வருகிறது.