குண்டு விழுந்த பதினோரு குழிகள்

1. முதல் வேலை

என் முதல் வேலையையே நான் கெடுத்தேன். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நான் நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இந்தத் தவறின் கதைதான் உதவும்.

மதுரைக் கோட்டை பாண்டியர் காலத்தது. நாயக்க மன்னர்கள் அதை விரிவாக்கிக் கட்டினார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துத் தெருக்கள் போட்டார்கள். தப்பிப் பிழைத்த ஒரு துண்டு மதிலைச் செப்பனிட, தற்காலிக வொர்க் இன்ஸ்பெக்டராக என்னை அனுப்பினார்கள். சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி பார்த்த குடும்பம் எங்களுடையது. அதில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

எஸ்டிமேட்டில், ‘மதில் முகத்தில் உள்ள குழிகளை அடைத்துச் சமன் செய்க’ என்று ஒரு ஐட்டம் இருந்தது. எண்ணினேன், பதினோரு குழிகள். காசி கொத்தனாரை வைத்து ஒரே நாளில் அடைத்தேன். பத்துக் குழிகளுக்குச் சுண்ணாம்புக் கலவை போதுமானதாக இருந்தது. பதினொன்றாவதற்குத் தீர்ந்துவிட்டது. பழைய சுவரில் சிமெண்ட் கூடாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் காசி அண்ணன். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் பிளாட்பாரம் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு சட்டி சிமெண்ட் கலவை வாங்கி, அடைக்கச் சொன்னேன். வழவழவென்று ஆகிவிட்ட மதிலைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. வெற்றிலைக் கடை

மறுநாள் காலை, மதிலடியில் வெற்றிலை விற்கும் முத்துப்பேச்சி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறினால் வெற்றிலைக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றி, கைக்கு எட்டும் குழியில் வைப்பாராம். கல்லின் குளிர்ச்சியில் சாயங்காலம் வரை வாடாதாம்.

“குண்டு விழுந்த குழியில வச்சாத்தான் தம்பி வெத்தல நிக்கும். அம்புட்டையும் பூசிப்புட்டீக. இனி நான் எங்குட்டு வைக்க?”

என்ன குண்டு என்று கேட்டேன். சாக்கு பறக்காமல் இருக்க வைத்திருந்த பாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். துருப்பிடித்த இரும்பு உருண்டை. அவருடைய மாமியார் அங்கே கடை போட்ட காலத்தில் மதிலடி மண்ணில் கிடைத்ததாம்.

குழிகள் மேற்கு முகத்தில் மட்டுமே இருந்தது அப்போதுதான் உறைத்தது. அடைக்குமுன் ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டுக் கழுவியவனே நான்தான். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் சில்லுச் சில்லாகவும் கல் பெயர்ந்திருந்தது. மழை அப்படி அரிக்காது. கோட்டையை முற்றுகையிட்டவர்களின் பீரங்கிக் குண்டு மோதிய இடங்கள் அவை. அத்தனையும் தாங்கி நின்ற மதிலை நான் மட்டப்பலகை வைத்துச் சமமாக இழுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

3. வெள்ளைத்தாள்

என் மேலதிகாரியான இளநிலைப் பொறியாளர், எங்கள் ஜே.ஈ.யிடம் ஓடினேன். உருண்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு, பூச்சை எடுக்க அனுமதி கேட்டேன். முடித்த வேலை என்று எம்.புக்கில், அதாவது வேலை அளவைப் பதியும் புத்தகத்தில், ஏற்றியாகிவிட்டது என்றார்.

“ஒனக்கும் எனக்கும் அந்த வெத்தலக்காரம்மாவுக்குந்தான் இது தெரியும். பேசாம இரு, நிரந்தர ஆர்டர் தானா வரும். தோண்டுனேன்னா அது அம்புட்டுத்தான்.”

“சுண்ணாம்பு இறுகுறதுக்குள்ள எடுத்தாகணும் சார். எந் தப்புன்னு நானே எழுதித் தாரேன்.”

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, பூச்சை எடுக்கச் சொன்னார்.

சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும். ஈரம் இருந்தால் இன்னும் மெல்ல. முத்துப்பேச்சி அக்கா தன் சாக்குகளை எல்லாம் தந்தார். அவற்றை நனைத்துப் பூச்சின் மேல் கட்டினோம். இரும்பு பட்டால் கல் பெயரும் என்று நானும் காசி அண்ணனும் மூங்கில் சிம்பை வைத்தே மூன்று நாள் சுரண்டினோம். விரல் நுனியெல்லாம் வெந்துபோயிற்று. பத்துக் குழிகள் திரும்பின.

பதினொன்றாவது திரும்பவில்லை. சிமெண்ட் கல்லைக் கவ்விக்கொண்டது. உளி வைத்தால் சில்லுகளும் சேர்ந்து வந்துவிடும். ஓங்கிய சுத்தியலைக் கீழே போட்டுவிட்டேன்.

நிரந்தர ஆர்டர் இரண்டு வருடம் தள்ளிப் போனது. உருண்டை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்குப் பதிலாகச் சாக்குக்குப் பாரம் வைக்க அக்காவுக்கு ஓர் அம்மிக்குழவி வாங்கிக் கொடுத்தேன். குழியில் வெற்றிலை வைக்கிறார்களாமே என்று மேலிடத்தில் கேட்டபோது, நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் அந்த மதிலுக்குப் பெயர்ப்பலகை எழுதினார்கள். ‘பத்துக் குண்டுத் தழும்புகள்’ என்று இருந்த வரியை அடித்து, ‘பதினொன்று, ஒன்று செப்பனிடும்போது தவறாக அடைக்கப்பட்டது’ என்று மாற்றினேன். துறைக்குக் கெட்ட பெயர் வரும், பத்து என்றே இருக்கட்டும் என்றார்கள். மாட்டேன் என்றேன். எஸ்டிமேட்டைப் பார்க்குமுன் சுவரைப் பாருங்கள் என்று இளையவர்களுக்குச் சொல்வேன். அதையும் மீறித் தவறினால் உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். அந்த மதில் வாங்கிய அடி பதினொன்று. அதில் ஒன்றைக் குறைக்க எனக்கு உரிமை கிடையாது.