இடது கைக்காரரின் துப்பாக்கி

எண்பதுகளில் பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் நான் பரிமாறிய சாப்பாட்டுக் கடைக்கு அவர் தினமும் தனியாக வருவார். பாண்டிச்சேரிக்காரர், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சாம்பல் நிறக் கோட். சாப்பிட்டு முடித்ததும் பழைய துப்பாக்கிகளின் விலைப்பட்டியலை விரிப்பார். பிறகு குடையைத் தோளில் ஊன்றி, அதில் இல்லாத, தோட்டா ஏற்றும் போல்ட் பிடியை வலது கையால் இழுத்து இழுத்துத் தள்ளுவார். ஆள் இடது கைக்காரர். பழையவற்றில் போல்ட் வலது பக்கம்தான்; இடது பக்கம் வைத்தது புதிதாகத்தான் கிடைக்கும். அந்த விலை அவருக்குக் கட்டாது.

"சோத்துக்கு வலது கைய அம்மா அடிச்சுப் பழக்கினாங்க தம்பி. இதுக்கு நானே பழகிக்கிறேன்."

"என்னத்தை அண்ணை சுடப்போறியள்?"

"சுடறது யாருக்கு வேணும்? கூட வேலை செய்யறவங்க ஞாயித்துக்கிழமை வேட்டைக்குப் போறாங்க. மத்தியானம் எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடுறாங்க. துப்பாக்கி இல்லாம அங்க எப்படிப் போறது?" பட்டியலைத் தட்டிக் காட்டி, "சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்குத் துணைக்கு வர்றியா?" என்றார்.

"துவக்குக்குப் பயந்துதானே அண்ணை நான் ஊரைவிட்டு இஞ்சை வந்தனான்."

பட்டியலை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். அதன்பிறகு அவர் வரவில்லை.

நான் அப்போதெல்லாம் சமையலறையில் நின்றபடியே தனியாகச் சாப்பிடுவேன். அவருக்கு எதிரே ஒரு கதிரை எப்போதும் காலியாகத்தான் இருந்தது. அதில் போய் உட்கார எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.