பெல் அடித்தால் பேசக் கூடாது

ஷார்ஜாவில் நாங்கள் இருந்த வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: காலிங் பெல் அடித்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஓர் அறை எங்களுக்கு, இன்னொன்று மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு. ஷேரிங் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் அவர்கள் பெயரில் இருந்தது. எங்கள் பெயர் எதிலும் கிடையாது. நகராட்சியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அதனால் பெல் அடித்ததும் டிவியை நிறுத்திவிட்டு, விசில் வராமலிருக்க குக்கரையும் அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம். அந்தச் சட்டத்தை எங்களில் யாரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தவள், ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகள்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை, விளையாடுவதில்லை, கேட்டால் பதிலும் இல்லை. இந்த டெர்முக்குள் மாறாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேற்பார்வையாளர் அம்மாள் சிரித்த முகத்தோடு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு அடியோடு பிடிக்கவில்லை.

ஜெபல் அலியில் டியூட்டி முடித்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"வேற ஸ்கூல்ல எவன் சீட் குடுப்பான்? நீயும் அவளும் ஊருக்குப் போயிடுங்க. நான் பேச்சிலர் ரூம் பாத்துக்கறேன்" என்றார், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே. குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பது அவருக்கு அத்தனை சுலபமாக இருந்தது. வந்த ஆத்திரத்தில் ரசம் ஊற்றாமலே எழுந்து போய்விட்டேன். அழுகை பிறகுதான் வந்தது.

அடுத்த வாரம் வகுப்பாசிரியை தனியாக வரச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"காலைல பக்கத்துல இருக்குற பிள்ளைகிட்ட மெதுவா பேசத்தான் செய்றா. யாராச்சும் வந்து கிளாஸ் கதவத் தட்டிட்டா அதோட சரி, அன்னைக்குப் பூரா வாயத் தெறக்க மாட்டா. நானும் ரொம்ப நாளா பாக்குறேன். வீட்ல கதவத் தட்டுனா நீங்க என்ன செய்வீங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஷேரிங், பெல், குக்கர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஆசிரியை சிரித்தார். "நாங்களும் ஷேரிங்தான். பெல் அடிச்சா எங்க மாமி பாத்ரூமுக்குள்ள போய்த் தாப்பாள் போட்டுக்குவாங்க. வீட்டு ரூல் வீட்டோட இருக்கட்டும். இங்க உள்ள கதவ நான் பாத்துக்குறேன்."

மனசில் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

அது ரமலான் மாதம். நோன்பில்லாத பிள்ளைகள், நோன்பிருப்பவர்கள் கண்ணில் படாமல் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் சாப்பிடுவார்கள். நோன்பிலிருந்த அந்த ஆசிரியைதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். கதவு எப்போதும் மூடியே இருக்க வேண்டும்; தட்டுகிறவர்களுக்குத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை என் மகளிடம் கொடுத்தார். திறந்ததும் சொல்ல வேண்டியதையும் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்: உள்ளே வா, கதவைச் சாத்து, என் பக்கத்தில் உட்கார். முதலில் ஆசிரியை அவள் பின்னால் நின்று சேர்ந்து சொன்னாராம். இவள் உதட்டை மட்டும் அசைத்தாளாம். பிறகு ஆசிரியை தள்ளிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் ஒருநாள் வேண்டுமென்றே வெளியே நின்று, தானே கதவைத் தட்டினார். இவள் திறந்து, அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் பின்னால் ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும்; மகள் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. "நாளைக்கு முறுக்கு கூட வைம்மா, என் பக்கத்துல ஒருத்தி உக்காருவா" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேருக்குப் போதாதென்று டப்பா நிறைய வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு குடும்பமும் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. வழக்கம்போல எல்லோரும் உறைந்தோம். நான் ரிமோட்டை எட்டுவதற்குள் என் மகள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் நாத்தூர், அதாவது கட்டடக் காவலாளி.

"கம் இன். குளோஸ் த டோர். சிட் நியர் மீ" என்றாள், கணீரென்று.

அவர் எங்களைப் பார்த்தார். வாசலில் கிடந்த இரண்டு வீட்டுச் செருப்புகளையும் பார்த்தார். சாயங்காலம் வரை தண்ணீர் வராது என்று ஹிந்தியில் சொன்னார். அவள் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவருக்கு எங்கள் ரகசியம் எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

மதுரைக்கார அக்கா என்னை முறைத்தார். பிள்ளையைக் கண்டிக்க வேண்டியது நான்தான். எனக்கோ கண்ணில் நீர் நிற்கவில்லை.

"இப்ப எதுக்கு அழற? அவன்தான் போயிட்டானே" என்றார் கணவர்.

"நாங்க ஊருக்குப் போகலங்க" என்றேன்.