புரட்டாதிச் சனியில் மாட்டிய மீன்

பென்ஷன் எடுத்த பிறகுதான் என் கணவர் மீன் பிடிக்கக் கிளம்பினார். அதுவரை மீனோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் அது சட்டியில் வெந்த பிறகுதான். பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் கடற்கரைக்காரர் இல்லை. மாத்தளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி, உக்குவளையில் என்னைக் கட்டி, பேச்சும் எங்கள் பேச்சாகவே மாறிப்போன மனிதர். ஒருநாள் தங்கூசி நூலும் தூண்டில் முள்ளும் வாங்கி வந்து மேசையில் வைத்தார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"என்னங்க இது? பென்ஷன் எடுத்தா மனுஷனுக்கு இப்படியெல்லாமா தோணும்?"

"தம்பி அங்க மீன் பிடிக்கிறான்னு நீதானே சொன்னே" என்றார்.

தம்பி என்றது எங்கள் மகனை. கனடாவில் இருந்தான். அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்து கட்டாந்தரையாகிவிடுமாம். மேலே நடந்து போய், ஐஸில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்து, முழ நீளத் தூண்டிலைத் துளைக்குள் இறக்குவானாம். ட்ரவுட் என்று ஒரு மீன், அரசாங்கமே குஞ்சு வளர்த்து ஏரியில் விடுமாம். இதையெல்லாம் அவன் எனக்குத்தான் சொன்னான், அவருக்கு இல்லை. அவருக்கு அவன் எதுவுமே சொல்வதில்லை.

காரணம் இருந்தது. எங்கள் பக்கம் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் அவனை ஆமிக்காரர்கள் பிடித்துப் போய், விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு மறுபடியும் பிடித்துப் போய் விடுவித்தார்கள். இன்னொரு முறை போனால் பிள்ளை திரும்பி வரமாட்டான் என்று இவர் முடிவு கட்டினார். "எனக்குப் போக வேணாம்ப்பா, இங்கேயே இருக்கேன்" என்று அவன் அழுதான். இவர் காது கொடுக்கவே இல்லை. காணியை விற்று, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி ஆளைப் பிடித்து, அனுப்பியே விட்டார். விமானம் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதவன் அப்பாவிடம் தலையை மட்டும் ஆட்டினான். அதோடு அவர்களுக்கிடையே பேச்சு வற்றிப்போனது.

எங்கள் வீட்டில் போன் இல்லை. மிளகு, கராம்பு வாங்கி விற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரை நானா என்று கூப்பிடுவோம். அவர் கடைக்குத்தான் ஞாயிறு மாலைகளில் மகன் எடுப்பான். முதலில் இவர்தான் ரிசீவரை வாங்குவார். "எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன்." "வேலை?" "போகுது. அம்மாட்ட குடுங்க." அவ்வளவுதான். பிறகு அவன் போன் அட்டையில் காசு தீரும் வரை நான் பேசுவேன். சாப்பிட்டியா, சளி பிடிச்சிருக்கா, கூட்டாளிமாரெல்லாம் எப்படி என்று ஒன்று விடாமல் கேட்பேன். எல்லாத்துக்கும் "சுகம்மா" என்பான். இவர் வெளியே மிளகு மூட்டையில் சாய்ந்து நிற்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆகவே தூண்டில் எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. மகனோடு பேச அவருக்கு ஒரு விஷயம் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனுஷனுக்கு வராது.

அந்த நானாவுக்கு மீன் பைத்தியம். எங்கள் மாவட்டத்து நாலந்தா நீர்த்தேக்கத்துக்கு இவரை அவர்தான் கூட்டிப்போனார். அங்கேயும் அரசாங்கம் குஞ்சு விட்டிருந்தது, திலாப்பியா. குடாபோல் உள்வாங்கிய ஒரு மூலையில் சல்வீனியாப் பாசி தண்ணீரே தெரியாமல் மூடிக் கிடக்குமாம். தடியால் பாசியை விலக்கி ஒரு பானை வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குள் பாண் ரொட்டி உருண்டை கோத்த முள்ளை இறக்க வேண்டும். இதைக் கேட்டதும் இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "இதுவும் அதே மாதிரிதான், ஐஸ்தான் இல்ல" என்றார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

போக வரத்தான் பெரும்பாடு. பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும்போது, யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் எழுதியிருக்கிற ஒரு ஆள் துணி சுற்றிய நீளத் தடியோடு இறங்கினால் யார்தான் சும்மா விடுவார்கள்? முதல் தடவை துணியைப் பிரிக்க வைத்து, நூலை அவிழ்க்க வைத்து, பாண் உருண்டையைக்கூட உடைத்துப் பார்த்தார்களாம். நானா சிங்களத்தில் ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்திருக்கிறார். அன்றே இவர் தடியை முழ நீளத்துக்கு வெட்டி மார்க்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாள் பார்ப்பதும் ஒரு கூத்து. செவ்வாய், வெள்ளி எங்களுக்கு மச்ச மாமிசம் ஆகாது. வெள்ளி நானாவுக்கு ஜும்ஆத் தொழுகை. போயா என்ற பௌர்ணமி நாளில் மீன் பிடித்தால் அந்த ஊர்ச் சிங்கள ஆட்களுக்குப் பிடிக்காது. "அரசாங்க உத்தியோகத்தனுக்குக்கூட இவ்வளவு லீவு இல்ல தங்கச்சி, மீனுக்கு இருக்கு" என்று நானா சிரிப்பார். கடைசியில் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் இவர் போய் வந்தார், ஒன்றும் மாட்டவில்லை. பக்கத்து ஓட்டையில் நானா இழுத்துக்கொண்டே இருப்பாராம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மீனுக்குப் பாண் போடுறதுக்கா பஸ்ஸுக்குக் காசு?" என்று குத்திக்கொண்டே இருந்தேன்.

புரட்டாதி பிறந்தது. முதல் சனிக்கிழமை. விடியவே தலைக்குக் குளித்து, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்து, மரக்கறிச் சமையலை மூடி வைத்திருந்தேன். இவர் என் குத்தலுக்குப் பயந்து, நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பிப் போயிருக்கிறார். பின்னேரம் படலை திறந்த சத்தத்தில் எட்டிப் பார்த்தால், கையில் பெரிய திலாப்பியா ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது! முகமெல்லாம் பல்.

"ஐயோ கடவுளே! படியேறாதீங்க! இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"சனிக்கிழமைதானே…" என்றவர் அப்படியே நின்றார். புரட்டாதிச் சனி என்பது அப்போதுதான் உறைத்தது. சனீஸ்வரனுக்கு விரதமிருக்கிற வீட்டு வாசலில் மீனோடு நிற்கிறார். உள்ளே கொண்டுவர முடியாது, நாளைக்கு வைக்க எங்களிடம் பிரிட்ஜும் கிடையாது. மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நானா வீட்டுக்கு நடந்தார். எத்தனை மாதம் காத்துப் பிடித்த மீன்! நானா வீட்டில் பொரித்துச் சாப்பிட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். எனக்குக் கோபம் ஆறி மனசு கேட்கவில்லை, அப்பளம் இரண்டு கூடப் பொரித்து வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு, நானா கடையில் போன் அடித்தது, இவர் எடுத்தார். "எப்படி இருக்கே?" என்றார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டவில்லை. "நேத்து நான் ஒரு மீன் பிடிச்சேன்" என்றார். பாசியில் ஓட்டை போட்டது, தடியை வெட்டியது, மீனோடு என்னிடம் மாட்டியது எல்லாவற்றையும் சொன்னார். "அம்மா படியேற விடலடா!" ரிசீவருக்குள்ளிருந்து மகன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவன் ஏதோ சொன்னான், இவர் கேட்டார், மறுபடி அவன் சொன்னான். என் முறை வரும் வரும் என்று நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று இவர் "ஹலோ, ஹலோ" என்றார். அட்டையில் காசு முடிந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரம்! வாரம் முழுக்க அந்தக் குரலுக்காகத்தானே காத்திருக்கிறேன்? வழி நெடுக முகம் கொடுக்காமல் நடந்தேன். வீட்டுக்குள் வந்ததும், "அப்படி என்னதான் சொன்னான்?" என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்தார். "நான் சும்மாதான் கேட்டேன், எனக்கு நானா இருக்காரு, ஐஸ்ல உனக்குப் பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு. யாரும் இல்லப்பான்னான். எங்க போனாலும் தனியாத்தானாம். அங்க அவனுக்குக் கூட்டாளின்னு ஒருத்தரும் இல்லையாம்."

சுகம்மா, சுகம்மா என்று இத்தனை வருஷம் சொன்னானே என் பிள்ளை! அன்றிரவு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. இவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, போன வாரக் கோபத்துக்குப் பயந்தோ என்னவோ, ரிசீவரை என் பக்கம் நீட்டினார். கை பரபரத்தது. ஆனாலும் நான் வாங்கவில்லை.

"நீங்களே பேசுங்க" என்றேன். "உங்ககிட்டதான் உண்மையைச் சொல்றான்."