வியாழக்கிழமை விரதம்

எங்கள் கந்தோரில் எல்லோரும் விரதகாரராக மாறிய வருடம் தொண்ணூற்றொன்று. ஊரில் செவ்வாயும் வெள்ளியும்தான் மச்சமாமிசம் படாத நாட்கள். எங்களுக்கு மட்டும் வியாழன். தேத்தண்ணிகூடத் தொடாத கடும் விரதம் அது. காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு முடிந்துவிடும்.

கோப்பாயில் ஒரு திணைக்களத்தின் சின்னக் கிளை அது. முன்பு வாசிகசாலையாக இருந்த ஓட்டுக் கட்டடம். பின்னால் ஒரு கிணறு, கிணற்றடியில் மூன்று கல் அடுப்பு, பக்கத்தில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். வேலை செய்தவர்கள் ஐந்து பேர்: பெரிய கிளாக்கர், ஸ்ரோர் கீப்பர், ஓய்வுக்குக் கிட்டிய வயதில் ஓர் அக்கா, அவருக்கு இளையவளாக நான், ஒரு ரைப்பிஸ்ற். கிழமைக்கு ஐந்து நாள், ஆளுக்கொரு நாள் தேத்தண்ணி முறை. முறைக்காரர் விறகு மூட்டி, தண்ணி அள்ளி, கேத்திலைக் கொதிக்க வைத்து, ஐந்து கோப்பையையும் மேசை மேசையாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெரிய கிளாக்கர்கூடத் தன் முறைக்குக் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பூதுவார். சீனி ஆனை விலை குதிரை விலை விற்ற காலம். பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்துத்தான் குடிப்போம்.

பழைய ரைப்பிஸ்ற் வெளிநாடு போக, அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை வந்தாள். வீடு பத்து நிமிடச் சைக்கிள் ஓட்டம். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பற்றி அறிய நிறையக் கேட்கத் தேவையில்லை. "எந்தப் பக்கம்?" என்ற ஒரு கேள்வி போதும். ஒழுங்கையைச் சொன்னால் மிச்சமெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவளும் ஒழுங்கையைச் சொன்னாள். அவளுடைய அப்பா கள் இறக்குபவர் என்பது அன்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ரைப்பிஸ்றின் முறை வியாழன். ஆகவே அவளுக்கும் வியாழன். முதல் வியாழன் ஐந்து கோப்பை கொண்டுவந்தாள். நல்ல சாயம், இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தாள், அறை முழுக்க மணந்தது.

"எனக்கு இண்டைக்கு விரதம் பிள்ளை" என்றார் பெரிய கிளாக்கர், பைலிலிருந்து தலை நிமிராமல்.

"நானும் குருவுக்குப் பிடிக்கிறனான்" என்றார் அக்கா.

ஸ்ரோர் கீப்பருக்கு வயிற்றுக்குத்து. முந்தின நாள் என் தேத்தண்ணியை இரண்டு கோப்பை குடித்த வயிறு அது.

கடைசியாக என் மேசை. நான் அந்த நாட்களில் பெரிய முற்போக்குவாதி. சமத்துவம் பற்றி வீட்டில் அம்மாவோடு வாய் ஓயாமல் சண்டை பிடிப்பேன். "எனக்கும் இப்ப வேண்டாம்" என்று சொன்னேன். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் தன் கோப்பையை ஆறுதலாகக் குடித்து முடித்தாள். மிச்ச நாலையும் தேசிமரத்தடியில் ஊற்றினாள். அடுத்த வியாழனும் அளவு குறைக்காமல் ஐந்து கோப்பை போட்டாள். "விரதம் முடியிற நேரத்தைச் சொல்லுங்கோ ஐயா, சூடாக்கித் தாறன்" என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டாள். கேலியா மரியாதையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தேன். கோப்பையை அன்றைக்கும் தொடவில்லை.

நாலாம் வியாழன் பொம்மர் வந்தது. ஐந்து பேரும் விழுந்தடித்துப் பங்கருக்குள் இறங்கினோம். மூன்று பேருக்கு வெட்டிய பங்கர், ஒருவர் மடியில் ஒருவர் இருக்காத குறை. அக்கா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை அவள் தோளில் புதைத்து, தேவாரம் முழுவதையும் பாடி முடித்தார். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. வெளியே வந்ததும் அக்கா நேரே கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கால் முழுக்கச் சேறாக இருந்தது. அதைக் கழுவவில்லை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் இடமாற்றப் படிவத்தை மெஷினில் ஏற்றினாள். கரவெட்டிக் கிளைக்குக் கேட்டிருந்தாள்.

கரவெட்டி என்றால் வல்லை வெளியைக் கடக்க வேண்டும். மரம் மட்டை ஒன்றுமில்லாத வெட்டை. எதிர்க்காற்றில் சைக்கிள் நகராது, மேலே ஹெலி வந்தால் ஒளிக்க ஒரு பற்றைகூட இல்லை. அதைத் தினமும் இரண்டு தரம் கடக்கலாம், எங்களோடு இருக்க ஏலாது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். பெரிய கிளாக்கரின் மேசையில் ஒரு கடிதம் சாதாரணமாக இரண்டு கிழமை உறங்கும். இந்தப் படிவத்துக்கு அவர் நின்ற நிலையிலேயே சிபாரிசுக் கையெழுத்து வைத்தார்.

"அக்கா, 'காரணம்' எண்டு ஒரு பெட்டி கிடக்கு. என்ன எழுதலாம்?" என்று என்னிடம் கேட்டாள். "வியாழக்கிழமை எண்டு எழுதட்டோ?"

நான் அவசரமாக ஒரு பைலைத் திறந்தேன். அவள் பெட்டியை வெறுமையாக விட்டு, படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்தாள். அவள் போய்விடுவாள் என்பதைவிட, நான் அனுப்பி வைக்கிறேன் என்பதுதான் என்னைப் போட்டு அரித்தது.

கறையான் வந்து உதவி செய்தது. பின் அறை அலுமாரியில் புற்றெழும்ப, துப்புரவாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அடித்தட்டில், கட்டடம் வாசிகசாலையாக இருந்த காலத்துக் கூட்ட அறிக்கைப் புத்தகம் ஒன்று கிடந்தது. தூசியைத் தட்டிப் புரட்டினேன். எங்கள் கிணற்றைப் பற்றி ஒரு தீர்மானம் இருந்தது. இன்ன இன்ன ஆட்கள் கிணற்றடிக்கு வரக்கூடாது. அவர்களுக்கு வேலிக்கு வெளியே நிறுத்தித் தண்ணீர் வார்க்க வேண்டும். கையேந்தித்தான் குடிக்க வேண்டும், பாத்திரம் கொடுக்கக்கூடாது. பிரேரித்தவர் என் அம்மாவின் தகப்பனார். ஆமோதித்தவர் பெரிய கிளாக்கரின் பெரியப்பா. ஏகமனதாக நிறைவேறியது.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் நிலத்தில் இருந்தேன். அதுவரை இதையெல்லாம் மழை வெயில்போல் ஆர் செய்ததென்று தெரியாத ஒன்றாக நினைத்திருந்தேன். இதற்கு ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. தலைவர், செயலாளர் இருந்திருக்கிறார்கள். வாங்குகளில் உட்கார்ந்தபடி கை தூக்கியிருக்கிறார்கள். கோபம் வந்தது. கூடவே ஒரு குதூகலமும் வந்தது. கை தூக்கி வந்ததென்றால் கை தூக்கியே போகவும் வேண்டும்தானே.

அடுத்த வியாழன் பத்து மணிக்குக் கொஞ்சம் முதல் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கர் முன்னால் வைத்தேன். முதலில் கையெழுத்தைத்தான் மெச்சினார். பிறகு பெரியப்பாவின் பெயரில் கண் நின்றது.

"உது அந்தக் காலம்" என்றார்.

"ரத்துச் செய்தவையோ ஐயா?"

கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ரத்துச் செய்யவில்லை. ரத்துச் செய்யாத தீர்மானம் நடைமுறையில் உள்ள தீர்மானம் என்று எங்களைக் காய்ச்சி எடுப்பவர் அவர். உடைந்த குடைக்கும் பைல் இலக்கம் போடுகிற மனிசன். நான் அதையே திருப்பிச் சொன்னேன். தன் வலையில் தானே விழுந்த முகத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. ஊழியர் கூட்டம்" என்றார். "பிள்ளை, அறிக்கை எழுதும்."

அறிக்கை எழுதுவது ரைப்பிஸ்றின் வேலை. அவள் கொப்பியோடு வந்து இருந்தாள். தட்டத்தில் ஐந்து கோப்பையிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பழைய தீர்மானத்தை ரத்துச் செய்யவும், இந்தக் கந்தோரில் ஆர் போட்ட தேத்தண்ணியையும் எல்லோரும் குடிக்கவும் நான் பிரேரித்தேன். ஸ்ரோர் கீப்பர் இஞ்சி மணத்தைத் தாங்கமாட்டாமலோ என்னவோ உடனே ஆமோதித்தார்.

"ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?" என்றார் பெரிய கிளாக்கர்.

அவள் பேனையைத் தூக்கினாள். "ஐயா, இவ்வளவு நாளும் நாலு பேரும் ஏன் குடிக்கேல்லை எண்டதையும் எழுதத்தானே வேணும்? விரதம் எண்டு எழுதட்டோ?"

பெரிய கிளாக்கர் வாயால் எத்தனை வியாழனும் விரதம் இருப்பார். அறிக்கைப் புத்தகத்தில் ஒரு பொய் ஏற விடமாட்டார். அது அவருடைய குணம். அதை அவள் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்திருந்தாள். இத்தனை வருடம் கூட இருந்த நான் கண்டுபிடிக்கவில்லை.

"பொய் எழுதக்கூடாது பிள்ளை" என்றார் மெதுவாக. "நான் விரதம் இருக்கேல்லை. காரணம்... அந்தப் பழைய தீர்மானத்தின்ரை இலக்கத்தைப் போடும்."

"எனக்கும் வயித்துக்குத்து இல்லை" என்றார் ஸ்ரோர் கீப்பர்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"பயம்" என்றேன். அதையும் எழுதினாள்.

அக்கா மட்டும், "எனக்கு உண்மையாவே விரதம்" என்றார். அவள் எதிர்த்துக் கதைக்காமல் 'ஒருவர் விரதம்' என்று எழுதிக்கொண்டாள். சொன்ன வாக்குக்காக அக்கா அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் மெய்யாகவே பட்டினி கிடந்து கோயிலுக்குப் போகத் தொடங்கினார். வம்பை விலைக்கு வாங்கியதுபோல் ஆயிற்று.

நாலு கை உயர்ந்தது. நாலாவது கை, எழுதிக்கொண்டிருந்தவளுடையது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பெரிய கிளாக்கர் பனங்கட்டியைக் கடித்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஸ்ரோர் கீப்பர் அக்காவின் கோப்பையையும் எடுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாட்டையே திருத்திவிட்டது போன்ற பெருமையும் புளுகமும்.

பின்னேரம் போகும் நேரத்தில் பெரிய கிளாக்கர் அவளுடைய மேசையடிக்கு வந்தார். "அந்தப் படிவத்தைத் தாரும் பிள்ளை, கிழிச்சுப்போடுவம்" என்றார். கெஞ்சுகிற குரல்தான்.

"வேண்டாம் ஐயா, என்னட்டை இருக்கட்டும்" என்று சொல்லி லாச்சியைச் சாத்தினாள்.

எனக்குச் சுருக்கென்றது. சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைவரை அவளோடு நடந்தேன். பொறுக்காமல் கேட்டும்விட்டேன். "இவ்வளவு செய்தும் உமக்கு எங்களிலை நம்பிக்கை இல்லையோ?"

அவள் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். "உங்கடை ஆக்கள் ஒருக்காக் கை தூக்கினதுக்கு, என்ரை அப்பா கலியாணம் முடிச்ச பிறகும் உந்த வேலிக்கு வெளியிலை கையேந்தித்தான் குடிச்சவர் அக்கா. நான் கொஞ்ச வியாழன் பொறுத்துப் பாக்கக்கூடாதோ?"

"எத்தினை வியாழன்?"

"அதை நான்தானே சொல்லவேணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயரும்வரை அவள் எங்களோடுதான் வேலை செய்தாள். வல்லை வெளிப் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமைத் தேத்தண்ணிக்கு அடுத்த கந்தோர்க்காரரும் சாட்டுச் சொல்லிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அந்தப் படிவத்தைக் கிழித்தாளா, கடைசிவரை லாச்சிக்குள் வைத்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.