யாரூட்டுக் கட்டிலுங்க?

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஆடி மாதம். திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கட்டில், ஃபேன், கிரைண்டர் என்று யார் கொடுத்தாலும் வாங்கி வைப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து ரிப்பேர் பார்த்து, இல்லாத வீடுகளுக்குக் கொடுப்போம். பெரிய புண்ணியவான் என்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

விசைத்தறி ஓட்டும் ஒரு அம்மா பட்டறைக்கு வந்தார். வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷனாம். தரையில் படுத்து எழுந்தால் உள்ளே வைத்த பிளேட் நகர்ந்துவிடும், உயரமான கட்டில் வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம். கைவசம் கட்டில் இல்லை. அந்த வாரமே ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பெரியவர் தவறி, கருமாதி முடிந்திருந்தது. அவர் உயிர் பிரிந்த தேக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட கட்டிலை வீட்டில் வைக்க எங்கள் பக்கம் யாரும் யோசிப்பார்கள்.

வார்னிஷ் அடித்துக் கொண்டுபோய் இறக்கினோம். "யாரூட்டுக் கட்டிலுங்கண்ணா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அவங்க புதுசு வாங்கிட்டாங்க அம்மணி, அதான் குடுத்துட்டாங்க" என்றேன். பொய் கூசாமல் வந்தது.

பத்து நாள் கழித்து ஒரு ஃபேன் கொடுக்கப் போனேன். மனுஷன் தரையில் கிடந்தார். கட்டிலை வாசலில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த அம்மாவோடு தறியில் வேலை செய்கிற ஒரு பெண் இறந்த பெரியவருக்குச் சொந்தக்காரராம்; அவர் உயிர் பிரிந்த கட்டில் இது என்று சொல்லிவிட்டிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "இந்தக் காலத்துல இதெல்லாமா பார்ப்பாங்க? நடக்க முடியாமப் போனா என்ன பண்ணுவீங்க?" என்று சத்தம் போட்டேன்.

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "ஆசுபத்திரிக் கட்டில்ல எத்தனை பேரு செத்திருப்பாங்க, அதுல படுக்கலீங்களா? சொல்லியிருந்தா மஞ்சத்தண்ணி தெளிச்சுப் படுக்க வெச்சிருப்பனுங்க. நீங்க மறைச்சீங்க பாருங்க, அதுலதான் எங்களுக்குப் பயமாப் போச்சு."

தரையிலிருந்து அவர் கேட்டார்: "இதை உங்கூட்டுல போட்டு நீங்க படுப்பீங்களாங்க?"

அந்த மாதம் என் வீட்டுக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டது. இந்தத் தேக்கைத் திரும்பியும் பார்க்காமல், ஈரோடு போய்ப் புதுசு வாங்கியவன் நான்.

"மாட்டனுங்க. பயம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். கட்டிலை உள்ளே போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் படுக்க வைத்தோம். நல்லவேளை, பிளேட் நகரவில்லை. இப்போது தடி ஊன்றி டீக்கடை வரை நடக்கிறார்.

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அது யாருடையது, எப்படி வந்தது என்று இப்போதெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். சிலர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். இல்லாதவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்றுதான் நான் இத்தனை நாள் மனசுக்குள் நினைத்திருந்தேன் என்பது, தரையில் கிடந்த அந்த மனுஷன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.